வாடகைக்கு ஒரு வலது கை

வீடு
ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு (அன்பு இருக்கிறதா இல்லையா என்பதைக் கடிதத்தின் கடைசியில் சொல்கிறேன்),

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலம்தான் என்று நேற்று அப்பாவின் போன் வீடு முழுக்கக் கத்தியது. போன் வந்தால் அவர் ஸ்பீக்கரில் போட்டு, நடுக்கூடத்தில் வைத்து, எல்லாரையும் சுற்றி உட்கார வைத்துவிடுவார் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அதில் ரகசியமும் பேச முடியாது, ஒழுங்காகச் சண்டையும் போட முடியாது. அதனால்தான் இந்தக் காலத்தில் ஒருவன் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான்.

(அந்தப் போனின் மணியை மாற்றி வைத்திருக்கிறேன். இப்போது யார் கூப்பிட்டாலும் "என்னங்க" என்று அம்மாவின் குரல் கேட்கும். அப்பா அடுக்களைக்கு ஓடுவார். அம்மா "நான் கூப்பிடவே இல்லையே" என்பாள். அதற்குள் மணி நின்றுபோகும். இருவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னும் கண்டுபிடிக்கவில்லை.)

விஷயத்துக்கு வருகிறேன். "கிட்டார் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்மா" என்றாய். அம்மா "நல்லது, பொழுது போகும்" என்றாள். அப்பா "இங்கதான் ஒண்ணு சும்மா கிடக்கே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததைப் பார்த்து அம்மா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அதை யார் தட்டப்போகிறார்கள்?

வேலைக்குப் போனதில் மறந்திருப்பாய், நினைவுபடுத்துகிறேன். மாமா அந்தப் பழைய கிட்டாரைக் கொண்டுவந்து போட்டபோது உன் வலது கையில் மாவுக்கட்டு. மாடிப்படியில் நீயாக விழுந்தாயா, நான் தள்ளினேனா என்ற வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது, அதை விடு. இடது கையால் கம்பியை அழுத்துவது மட்டும்தான் உன்னால் முடிந்தது. எனக்கு ஒன்பது வயசு. அழுத்தினால் விரல் வலித்தது, தட்ட மட்டும்தான் வந்தது. கிட்டாரின் வயிறு என் மடியில், கழுத்து உன் கையில் என்று கட்டிலில் ஒட்டி உட்கார்ந்தோம். உன் மாவுக்கட்டு நம் நடுவில் கிட்டாரின் தோள்மேல் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாவது தட்டுக்கு என் கை மேலே வரும்போது அதில் 'டொக்' என்று இடிக்கும். கட்டைப் பிரித்த பிறகும் அந்த இடம் வந்தால் என் கை கொஞ்சம் தயங்கித்தான் போகும். 'வேகத்தடை' என்று நீதான் பெயர் வைத்தாய்.

கட்டைப் பிரித்தார்கள், நாம் பிரியவில்லை. ஏழு வருஷமாக நீ இடது கை, நான் வலது கை. உனக்குத் தட்டத் தெரியாது, எனக்குப் பிடிக்கத் தெரியாது. இப்போது நீ மட்டும் ஒரு கிட்டார் வாங்கப்போகிறாயாம். ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்து கொடுக்கிற உனக்கு, வீட்டில் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தெரியவில்லை.

பதில் போடு.

இப்படிக்கு,
உன் வலது கை (முன்னாள் என்று போடலாமா?)

பி.கு.: அன்பு இருக்கிறது. சில்லறையாக.


விடுதி
ஜூன் 10

வாலுக்கு,

உன் கடிதம் வந்தது. விடுதிக் காப்பாளர் கையில்தான் முதலில் வந்தது. அனுப்புநர் இடத்தில் 'காணாமல் போன அக்காக்கள் மீட்புக் குழு' என்று எழுதியிருந்தாய். அவர் என்னை உட்கார வைத்து, வீட்டில் சொல்லாமல் வந்துவிட்டாயா அம்மா என்று மெதுவாகக் கேட்டார். நன்றி.

மாடிப்படி வழக்கில் தீர்ப்பு என்றைக்கோ வந்துவிட்டது. தள்ளியது நீதான்.

இந்தத் தாளைத் திருப்பிப் பார். கடையின் விளம்பரத் தாள், கையில் வேறு தாள் இல்லை. நாங்கள் பல் செய்கிற கூடத்துக்குப் போகிற பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அந்தக் கடை. கடைக்காரருக்கு வழுக்கை, காதில் எப்போதும் ஒரு பென்சில். காலையில் ஷட்டரைப் பாதிதான் தூக்குவார். உள்ளே குனிந்து போய்த் தொங்குகிற கிட்டார் ஒவ்வொன்றையும் சுருதி சேர்த்துவிட்டுத்தான் மீதியைத் தூக்குவார். நான் பார்க்கும்போது அவர் கால் மட்டும் தெரியும், சத்தம் மட்டும் கேட்கும். அதைத் தினமும் கேட்டு வந்த ஆசை இது. உன்னைக் கழற்றிவிட வந்த ஆசை இல்லை.

இரண்டு கிட்டாரில் வந்து நிற்கிறேன். இரண்டுமே நல்லவை. நம் வீட்டுக் கிட்டார் மாதிரி ஒட்டுப்பலகை இல்லை. முன்பலகை ஒரே மரம். ஒன்று பெரிய வயிற்றுக்காரி. வெளிர் நிறம். தட்டினால் அறை நிறைந்துவிடுகிறது, சத்தம் பளிச்சென்று வருகிறது. இன்னொன்று சின்னது, இடுப்பு ஒடுங்கியது, தேவதாரு மரம், தேநீர் நிறம். சத்தம் கம்மி. ஆனால் மெல்லத் தொட்டாலே முழுதாகப் பேசுகிறது. கம்பிகள் தாழ இருப்பதால் விரலுக்கும் வலி இல்லை.

"எங்கம்மா வாசிக்கப் போறீங்க? மேடையிலயா, வீட்லயா?" என்றார் கடைக்காரர்.

"கட்டில்ல" என்றேன்.

"அப்போ சின்னது போதும். ஆனா ஒண்ணு, பெரிசைக் கேட்டுட்டு சின்னதைக் கேட்டா ஏதோ குறையற மாதிரி இருக்கும். சின்னதைக் கேட்டுட்டு பெரிசைக் கேட்டா யாரோ திட்டற மாதிரி இருக்கும். ரெண்டு நாள் விட்டு வாங்க."

என் அறைத்தோழியும் வந்திருந்தாள். எங்கள் கூடத்திலேயே மாவு குழைத்து அச்சு எடுக்கிறவள். நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன், அவள் மடியில் வைத்துத் தட்டினாள். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "கிட்டார் ஒண்ணு, ஆள் ரெண்டா? தவணை முறையில வாசிக்கிறீங்களா?" என்றார்.

அவள் கைக்குத் தாளம் நன்றாக வருகிறது. எங்கும் தடுக்கவில்லை.

எதை வாங்கட்டும்? உன் வாய் எப்படி இருந்தாலும் காது நல்ல காது. சொல்.

அக்கா


வீடு
ஜூன் 15

இடது கைக்கு,

'எங்கும் தடுக்கவில்லை.' இதை எழுதும்போது உன் பேனாவாவது எங்காவது தடுக்கியிருக்க வேண்டாமா?

என் கை தடுக்குவது யாரால்? உன் மாவுக்கட்டால். இப்போது மாவு குழைக்கிறவளே வந்து என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாவுக்கும் எனக்கும் ஏதோ ஜென்மப் பகை. அவளுக்குப் பெயர் வைத்துவிட்டேன்: வாடகைக் கை. இன்று அறை வாடகையில் பாதி, கிட்டாரில் பாதி. நாளைக்குத் தம்பி பதவியிலும் பாதி கேட்பாள், நீயும் கொடுப்பாய்.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். பெரியதை வாங்கு. சின்னது ஒருத்தி மடிக்குத்தான் ஆகும். இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கையோடு முழங்கை முட்டும். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற கிட்டார் அது. பெரியது பூங்கா பெஞ்சு மாதிரி. யார் வந்தாலும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கலாம்.

இதை எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றால் வாடகைக் கையும் உட்காருவாள். சின்னதை வாங்கினால் அவளுக்கு இடமில்லை, எனக்கும் இடமில்லை. பெரியதை வாங்கினால் எனக்கு இடம் உண்டு, ஆனால் நான் வரும்வரை அதைச் சூடாக வைத்திருக்க அவள் இருக்கிறாள். எப்படிப் புரட்டினாலும் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் பெரியதுதான்.

பை த வே என்று ஆங்கிலத்தில் சொல்வார்களே, அது மாதிரி ஒரு செய்தி. நீ மட்டும்தான் ஆள் வைத்துக்கொள்வாயா? எதிர் வீட்டுக்கு ஒரு தையல்காரர் குடும்பம் குடிவந்திருக்கிறது. அவர் மகளுக்குக் கிட்டார் தெரியும். நம் கிட்டாரின் கழுத்தை இப்போது அவள்தான் பிடிக்கிறாள். விரல் ஒவ்வொன்றும் அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஏழு வருஷமாக நீ பிடித்தால் 'டப்' என்று செத்து விழுகிற எஃப் கார்ட் என்கிற அந்தப் பிடி, அவள் பிடித்தால் மணி மாதிரி ஒலிக்கிறது. கார்ட் மாற்றும்போது நீ எல்லா விரலையும் மொத்தமாகத் தூக்கி, பஸ்ஸிலிருந்து பாட்டிமார் இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக இறக்குவாயே, அந்த வேலையெல்லாம் அவளிடம் இல்லை.

எங்கும் தடுக்கவில்லை.

இப்படிக்கு,
வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்ட வலது கை


விடுதி
ஜூன் 21

தம்பிக்கு,

தையல்காரர் மகளைப் பற்றி அறிந்து சந்தோஷம்.

எஃபை ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துப் பிடிக்கிறாளா, கட்டைவிரலை மேலே சுற்றிப் பிடிக்கிறாளா? சும்மா கேட்டேன். கட்டிலில் எந்தப் பக்கம் உட்காருகிறாள், ஜன்னல் பக்கமா? அது என் இடம். சும்மா சொன்னேன். என் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொள்கிறாளா?

அந்தக் கிட்டாரில் இரண்டாவது கம்பியை முறுக்குகிற ஆணி நழுவும். உள்ளே அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் நிற்கும். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதே. மணி மாதிரி ஒலிக்கிறவளுக்கு இதெல்லாம் தானே தெரியும்.

நேற்று ஒரு பெரியவரின் கீழ்வரிசைப் பல்லை மேல்வரிசைத் தட்டில் அடுக்கிவிட்டேன். மேற்பார்வையாளர் தட்டைத் தூக்கிப் பார்த்து, "இவர் தலைகீழா நின்னு சாப்பிடணுமா? கவனம் எங்கம்மா இருக்கு?" என்றார். எஃபில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது.

பெரியதை வாங்கு என்கிறாய். அறைத்தோழியும் அதையேதான் சொல்கிறாள். இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்வதால் அதுவே சரியாக இருக்கும். மாதக் கடைசிவரை இரண்டையும் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

வேறு ஒன்றும் இல்லை.

அக்கா


வீடு
ஜூன் 26

அக்காவுக்கு,

வாடகைக் கையும் பெரியதைத்தான் சொல்கிறாளா? இதைவிட நீ என்னை நேரில் வந்து இரண்டு அறை அறைந்திருக்கலாம். நான் சொன்னால் அது யோசனை. அவள் சொன்னால் அது சதி. இரண்டும் ஒரே வார்த்தையாக இருந்தால் என் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொள்.

சின்னதைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். அது வேண்டவே வேண்டாம். கேட்காமலே சொல்லிவிடலாம், தகர டப்பாவில் பட்டாணி உருட்டுகிற சத்தமாகத்தான் இருக்கும். தேவதாருவாவது தேவலோகமாவது.

தையல்காரர் மகள் ஜன்னல் பக்கம்தான் உட்காருகிறாள். அங்கே காற்று நன்றாக வருகிறதாம். உன் தலையணை மெத்தென்று இருக்கிறதாம். நேற்று அவள் என்னிடம், "உங்க அக்கா இவ்வளவு வருஷம் இதை எப்படித்தான் பிடிச்சாங்களோ, பாவம்" என்றாள். நான் உன்னை விட்டுக்கொடுக்காமல் "ஏதோ பிடிச்சாங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு பொது அறிவுக் கேள்வி. புதிதாகக் கம்பி அழுத்துகிறவர்களுக்கு விரல் நுனி எரியுமே, அது எப்போது மரத்துப்போகும்? தண்ணீரில் நனைக்கலாமா, கூடாதா? எஃப் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் பாதியில் துவண்டுபோனால் என்ன செய்வது? எல்லாம் அவளுக்காகத்தான் கேட்கிறேன். மணி சில நேரம் ஒலிப்பதில்லை.

இப்படிக்கு,
கை நிறைய வேலை உள்ள தம்பி


விடுதி
ஜூலை 4

அடேய்,

சனிக்கிழமை கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்தார்.

"உங்க தம்பி போன் பண்ணினாருங்க."

"என் தம்பியா?"

"முதல்ல தம்பின்னு சொல்லல. 'ஒரு இசைக்குழுவோட தலைவர் பேசறேன்'னு கட்டைக் குரல்ல ஆரம்பிச்சார். பாதியில குரல் கீச்சுன்னு போயிடுச்சு. திரும்பக் கீழ இறக்கப் பார்த்தார், இறங்கல. அப்புறம் ரெண்டு கிட்டாரையும் போன்கிட்ட வெச்சு வாசிக்கச் சொன்னார். பெரிசு ஒரு தடவை. சின்னது வாசிச்சேன், இன்னொரு தடவைன்னார். வாசிச்சேன். இன்னொரு தடவைன்னார். அதுக்கப்புறம் பேச்சே இல்லை. லைன் போயிடுச்சான்னு கேட்டேன். 'போகல. அந்தச் சின்னதை யாருக்கும் கொடுத்துடாதீங்க, பல் செய்யற அக்கா ஒருத்தங்க வருவாங்க'ன்னுட்டு வெச்சுட்டார்."

கடிதத்தில் தகர டப்பா, போனில் இன்னொரு தடவையா?

கடிதத்தில் நீ விட்ட கதையெல்லாம் போதும், அம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று வீட்டுக்குக் கூப்பிட்டேன். பலமுறை அடித்து நின்றது. கடைசியில் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு எடுத்தார். "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பேசு" என்றார். எதிர் வீட்டில் யார் குடிவந்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"எதிர் வீடா? அது பூட்டித்தான் கிடக்கு" என்றாள் அம்மா. "ஆமா, இவன் ஏன் இடது கை விரல் நாலுலயும் பிளாஸ்திரி போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்கான்? கேட்டா பென்சில் சீவினேங்கறான். பென்சில் சீவினா நாலு விரலுமா வரிசையா வெட்டும்?"

பின்னால் ஒரு கதவு படாரென்று சாத்திய சத்தம் கேட்டது. அது நீதானே?

இல்லாத ஒருத்தியின் மேல் பொறாமைப்பட்டு இரண்டு பல்வரிசையைப் பாழாக்கியிருக்கிறேன். அவள் விரலைக் கனவில்கூடப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரியாம். நீ நன்றாக இருப்பாய்.

உன் வாடகைக் கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவள் நிஜமானவள், நல்லவள், தாளமும் சரியாகத்தான் தட்டுகிறாள். ஆனால் இரண்டாம் தடவை கடைக்குப் போனபோது எங்களால் ஒரு பாட்டைக்கூட முடிக்க முடியவில்லை. நடுவில் ஏதோ ஓர் இடத்தில் இடறுகிறோம். அவள் தப்பில்லை. என் தப்பு என்ன என்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவில்லை. கூடத்தில் பல்லுக்கு மெருகு ஏற்றும்போது யாரும் பார்க்காத நேரத்தில் என் மணிக்கட்டை மேலும் கீழும் ஆட்டிப் பழகுகிறேன்.

சின்னதை வாங்கிவிட்டேன். எனக்கு. தனியாக வாசிக்க. இதைச் சுற்றி வளைக்காமல் எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். நீ கோபப்படலாம். ஆனால் மூன்று தடவை கேட்டவன் நீ.

விரலைத் தண்ணீரில் ஊறவைக்காதே. எஃபுக்கு ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வை. பதினைந்தாம் தேதி விடுமுறைக்கு வருகிறேன். ஜன்னல் பக்கத்தைக் காலி செய்து வை.

அக்கா


வீடு
ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு (இந்த முறை அன்பை முன்பணமாகவே கொடுக்கிறேன்),

நீ பஸ் ஏறிப் போன பிறகு ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்து பார்த்தேன். காற்று ஒன்றும் பிரமாதமாக வரவில்லை. தையல்காரர் மகள் பொய் சொல்லியிருக்கிறாள்.

உன் சின்னக் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது எனக்கு எரிந்தது உண்மை. வீட்டில் கேட்க அது போனில் கேட்டதைவிட நன்றாக இருந்தது, அது இன்னும் எரிந்தது. பழைய பழக்கத்தில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோமே, முதல் நிமிஷத்திலேயே உன் முழங்கை என் மூக்கில். நான் சொன்னேன் அல்லவா, தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற கிட்டார் என்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு போய் மாமாவின் கிட்டாரை எடுத்து எதிரில் உட்கார்ந்தபோது, சரி, இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இனி நீ உன் கட்டிலில், நான் என் கட்டிலில்.

நீ ஆரம்பித்தாய். உன் வலது கை தட்டுவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஒன்று, இரண்டு, அடுத்த தட்டுக்கு மேலே வந்தபோது கை ஒரு இம்மி தயங்கியது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில். அதற்கடுத்த சுற்றிலும். உனக்கு அது தெரியவே இல்லை. உன் கட்டைப் பிரித்து ஏழு வருஷம் ஆகிறது; இல்லாத அந்த மாவுக்கட்டில் இடித்துவிடக் கூடாது என்று உன் கையே ஒதுங்கிப் போகிறது. வாடகைக் கையோடு நீ எங்கே இடறினாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் தடுக்காமல் போனாள். நீ அங்கே எனக்காக நின்றுவிட்டாய்.

இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் நீ சிரிக்க ஆரம்பித்துவிட்டாய். என் இடது கையைக் காட்டிச் சிரித்தாய். நான் கார்ட் மாற்றும்போது விரல் எல்லாம் மொத்தமாகத் தூக்கி ஒவ்வொன்றாக இறங்குகிறதாம். பாட்டிமார், பஸ், எல்லாம். எனக்கும் அது தெரியாது. அப்பா செய்தித்தாளை இறக்கிவிட்டு, "ரெண்டும் ஒரே மாதிரி தப்பு பண்ணுதுங்க, ஒரே வாத்தியார் போதும், காசு மிச்சம்" என்றார். அம்மா, "சும்மா இருங்க" என்றாள். உடனே "என்னங்க" என்று இன்னொரு அம்மா கூப்பிட்டாள். அப்பா எழுந்திருக்கவில்லை. அம்மாவையே பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் நடந்ததை நீயும் பார்த்தாய். காது இன்னும் சிவந்துதான் இருக்கிறது.

பஸ் படியில் நின்றுகொண்டு ஒன்று சொன்னாய். அறைத்தோழிக்கும் கிட்டார் மேல் ஆசை வந்துவிட்டது, அவள் பெரியதை வாங்கப்போகிறாள், நீதான் சொல்லிக்கொடுக்கப்போகிறாய் என்று. நான் தலையை ஆட்டினேன். பஸ் போன பிறகு வழியில் கிடந்த ஒரு கல்லை வீடுவரை உதைத்துக்கொண்டே வந்தேன்.

சொல்லிக்கொடு. எஃப் சொல்லிக்கொடு, ஆணியை அழுத்தித் திருப்பச் சொல்லிக்கொடு, வேண்டுமானால் உன் தலையணையையும் முதுகுக்குக் கொடு. ஆனால் மூன்றாவது தட்டு வரும்போது அவள் கையை நேராகப் போகச் சொல். நிற்காதே, தயங்காதே என்று சொல்.

அந்த இடம் மட்டும் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டு கையும் உள்ள தம்பி